கச்சை கட்டிய ஆனையும் செல்வியின் தகடுகளும்

1

“…அழுக்கு கிடங்குக்காரங்களோடது மோளே, வெட்டு மட்டுந்தான் என்னோடது.”

செல்வி இதைச் சொன்னபோது கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய இஞ்சிக் கிடங்குக்குள் நாங்கள் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தோம். சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்து அதைக் கண்காட்சி மண்டபம் ஆக்கியிருந்தார்கள். கண்காட்சியை நடத்தும் நிமிஷா இடப்பள்ளிப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. செல்வியின் மகள் ஆதிரா களமசேரியில் டிசைன் படிக்கிறவள். நான்காவது ஆள் நான், தேய்ப்புக்காரன். நடந்த தவறில் பாதிக்கு மேல் என்னுடையது என்பதால் சுவரோரமாக ஒதுங்கி நின்றிருந்தேன்.

அடுத்து செல்வி என்ன செய்தாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அவள் யார், அவள் எதை வெட்டுகிறாள் என்று தெரியாமல் அதைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

2

இந்த மாதத்தோடு நான் கொச்சிக்கு வந்து இருபத்திரண்டு வருடம். சங்கரன்கோவிலிலிருந்து வந்து வைட்டிலா சந்திப்பில் ஒரு பையோடு இறங்கியவன். வருடாவருடம் அந்த நாளில் கொஞ்சம் பாயாசம் வைக்கச் சொல்லி வீட்டில் கேட்பேன். “இது வந்த நாளா, விட்ட நாளா? எதுக்குப் பாயாசம்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன சக்கரை போடுதேன்” என்பாள் என் மனைவி. இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவளும் சர்க்கரையைக் குறைத்ததில்லை.

கிடங்குச் சந்தில் எனக்கு ஒரு தேய்ப்பு மேசை, கரிப்பெட்டி, மேலே ஒரு தகரக் கூரை. சட்டை கொண்டுவருகிறவர்கள் பேசாமல் போவதில்லை. அப்படித்தான் மலையாளம் கற்றேன். எழுத்து தெரியாது, பேச்சு நிறையத் தெரியும். என் மகனுக்கு நேர் எதிர். மலையாளப் பத்திரிகையை ஒரே மூச்சில் வாசிப்பான். நான் எழுதும் இந்தக் குறிப்பை அவனுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அவனுக்குத் தமிழ் காதில் இருக்கிறது, கண்ணில் இல்லை.

ஊரில் மாத இதழ் நடத்தும் நண்பர் போன மாதம் போனில் பிடித்தார். “அங்க பெரிய பெரிய ஓவியக்காரங்க வந்து இறங்கிருக்காங்களாமே, அதப்பத்தி ரெண்டு பக்கம் எழுதும்வே.” உண்மைதான். கலை விழா நடக்கும் மாதங்களில் எங்கள் சந்தில் பல நாட்டுச் சட்டைகள் வரும். சட்டையில் ஒட்டிய சாயம் எனக்குத் தெரியும், அவர்கள் வரைந்த படம் தெரியாது. அந்தப் படங்களைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். யாரும் எழுதாத ஆட்களைப் பற்றி எழுதுகிறேன் என்றேன்.

அப்படிப்பட்டவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. படகுத்துறையில் ஜோசப் சேட்டன் இருக்கிறார். மிச்சப் பெயின்ட் டப்பாக்களைக் கலந்துதான் படகுக்கு நிறம் அடிப்பார். ஒரு படகின் பச்சை இன்னொரு படகில் வராது. கேட்டால், “ஒரே பச்சைன்னா எது யாரோட வள்ளம்னு கடலுக்கு எப்படித் தெரியும்?” என்பார். ஆட்டோக்களுக்குப் பெயர் ஸ்டிக்கர் வெட்டும் ஷமீர் இன்னொருவன். ஓட்டுகிறவரை உட்காரவைத்து ஒரு சாயா குடிக்கும் நேரம் பேசவிட்டுத்தான் எழுத்தின் வடிவத்தை முடிவு செய்வான். வேகமாகப் பேசுகிற ஆளுக்குச் சாய்ந்த எழுத்து, இழுத்துப் பேசுகிற ஆளுக்கு உருண்டை எழுத்து. இவர்களை விட்டுவிட்டு நான் செல்விக்கு வருவதற்குக் காரணம், அவள் வேலையை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். யாருடையது என்று தெரியாமல் பார்த்திருப்பீர்கள்.

3

சுக்கு, மிளகு, ஏலக்காய் எது கிடங்கைவிட்டு வெளியே போனாலும் சாக்கின் மேல் ஒரு அடையாளம் அடித்துத்தான் போகும். வியாபாரியின் பெயர், சரக்கின் பெயர், கூடவே ஒரு படம். தகரத்தில் எழுத்தை வெட்டி எடுத்து, அந்தத் தகட்டைச் சாக்கின் மேல் வைத்து, மை தோய்த்த பிரஷால் தேய்ப்பார்கள். தகட்டை எடுத்தால் சாக்கில் எழுத்து நிற்கும். மார்க்கா தகடு என்று பெயர். சிறிய ஆர்டர்களுக்குத் தகரம் கட்டுப்படியாகாது, ஆஸ்பத்திரியிலிருந்து பழைய சாமான் கடைக்கு வரும் எக்ஸ்ரே பிலிமில் வெட்டுவார்கள். எங்கள் சந்தில் ஏழெட்டுக் கிடங்குகளுக்குத் தகடு வெட்டுகிறவள் செல்வி.

ராஜபாளையத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்தாள். அவள் புருஷன் மாரியப்பன் வைட்டிலா பஸ் நிலையத்தில் துப்புரவு வேலை பார்க்கிறான். செல்வி முதலில் இஞ்சிக் கிடங்கில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஆனை மார்க்கா தகடு நடுவில் ஒடிந்துவிட்டது. லாரி வாசலில் நிற்கிறது. கிடங்கு முதலாளி சேட்டு தலையில் கைவைத்துக்கொண்டார். செல்வி பிஸ்கட் டின் மூடி ஒன்றை எடுத்து, சாக்கு கிழிக்கும் கத்தியால் ஒரு ஆனையை வெட்டினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“ஆனையோட வயித்த வெட்டுனா வயிறு கழண்டு கீழ விழுந்துருச்சு அண்ணாச்சி. அப்பத்தான் விளங்குச்சு. எழுத்துக்கும் படத்துக்கும் வயிறு இருக்கு. அது விழாம இருக்க வெளியில இருந்து ஒரு கை பிடிச்சிக்கிடணும்.”

தகட்டில் வெட்டாமல் விடும் அந்தச் சிறு இணைப்புகளைத்தான் அவள் கை என்கிறாள். மலையாள எழுத்து உருண்டை உருண்டையானது, வயிறு அதிகம், கையும் அதிகம் வேண்டும். கை எங்கே வரவேண்டும், எவ்வளவு மெலிதாக வரவேண்டும் என்பதில்தான் அவள் கெட்டிக்காரத்தனம் எல்லாம் இருக்கிறது. பாடத் தெரிந்தவன் எங்கே மூச்சு வாங்குகிறான் என்று தெரியாதது மாதிரி, அவள் வெட்டிய எழுத்தில் கை இருப்பதே தெரியாது.

ஆனால் அந்த முதல் ஆனைக்குப் பயத்தில் இரண்டு தடித்த கைகளை விட்டுவிட்டாள். அச்சில் பார்த்தால் ஆனை இடுப்பில் கச்சை கட்டியதுபோல இருந்தது. “இது ஆனையா, சர்க்கஸ்காரனா?” என்று சேட்டு சத்தம் போட்டார். வேறு வழியில்லாமல் சரக்கு அப்படியே கப்பலேறியது. அடுத்த முறை அவளே வெட்டிய திருத்தமான ஆனை போனபோது, வாங்குகிறவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்களாம், பழைய ஆனை எங்கே, கச்சை இல்லாவிட்டால் சரக்கு உங்களுடையது என்று எப்படி நம்புவது என்று. அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஆனை கச்சையோடுதான் போகிறது.

“என் எழுத்து போகாத துறைமுகம் இல்ல அண்ணாச்சி. என் பேருதான் இந்தச் சந்த விட்டு வெளிய போனதில்ல” என்று ஒருமுறை சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எனக்கு அது உறுத்தியது. சங்கரன்கோவிலில் சின்ன வயதில் சுவர் விளம்பரம் எழுதும் ஒருவரோடு சுண்ணாம்பு கலக்கப் போயிருக்கிறேன். உர விளம்பரமோ கட்சி விளம்பரமோ, எழுதி முடித்தபின் மூலையில் ‘கண்ணன் ஆர்ட்ஸ், ரயில்வே கேட் அருகில்’ என்று போடாமல் அவர் ஏணியைவிட்டு இறங்கமாட்டார். முதலாளி திட்டினாலும் போடுவார். இங்கே சாக்கில் மூலை இருக்கிறது, பெயர் போடும் வழக்கம் இல்லை.

4

ஆதிராவுக்கு அம்மாவின் வேலை என்னவென்று தெரியும். ஆனால் தோழிகள் கேட்டால் “அம்மா கோடவுண்ல வேலை” என்று நிறுத்திக்கொள்வாள். அது பொய்யும் இல்லை. போன வருடம் வகுப்பில் எழுத்து வடிவங்கள் பற்றிப் பாடம் எடுத்தபோது திரையில் ஏதோ வெளிநாட்டுத் தகட்டெழுத்தைக் காட்டியிருக்கிறார்கள். அன்று மாலை அவள் நேரே கிடங்குக்கு வந்து, அம்மாவின் தகடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். “மாமா, எங்கம்மா பண்ற கை எல்லாம் அதைவிட நல்லா இருக்கு” என்று என்னிடம்தான் வந்து சொன்னாள். அம்மாவிடம் சொல்லக் கூச்சம்.

பிறகு ஒருநாள், உள்ளூர்க் கலைஞர்களுக்கு என்று பெரிய விழாவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கண்காட்சி நடக்கிறது, விண்ணப்பம் போடப் போகிறேன் என்றாள். தகடுகளைப் படம் பிடித்தாள். பதினெட்டுத் தகடுகள். பல வருட மை ஏறி, தார் பூசியதுபோலத் தடித்துக் கிடந்தன.

விண்ணப்பத்தை என் மேசையில் வைத்துத்தான் போனில் நிரப்பினாள்.

“பயின்ற நிறுவனம்னு கேக்குதும்மா.”

“பிஸ்கட் டப்பான்னு போடு.”

“அம்மா, ஒழுங்கா சொல்லு. இதுக்கு முன்னாடி பங்கேற்ற கண்காட்சிகள்?”

“துறைமுகம் எல்லாம் கண்காட்சி இல்லியா? போடுடி.”

ஆதிரா வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் அடையாள அட்டை கேட்டது. ரேஷன் கார்டில் செல்விக்கு அப்பா பெயரின் தலைப்பெழுத்து, ஆதாரில் புருஷன் பெயர் முழுசாக. இரண்டும் பொருந்தவில்லை என்று மூன்று தரம் திருப்பி அனுப்பியது. திருத்துவதற்கு அலுவலகம் போனால் ஊரிலிருந்து பிறப்புச் சான்று வேண்டும் என்பார்கள். ஊரில் கேட்டால் இங்கே இருக்கும் முகவரிக்கு அத்தாட்சி கேட்பார்கள். இது எங்களைப் போல் வந்தவர்கள் எல்லாருக்கும் பழகிப்போன கபடி. கடைசி நாளில் ஆதிரா ஏதோ தட்டி, “போயிருச்சு” என்றாள். என்ன தட்டினாள் என்று நாங்கள் கேட்கவில்லை.

தேர்வாகிவிட்டது என்று சேதி வந்த அன்று செல்வி எனக்குத் தேய்க்கக் கொடுத்த சேலையைத் திருப்பி வாங்க மறந்து போனாள். “அண்ணாச்சி, சுவத்துல பேரு போட்டு ஒட்டுவாங்களாம். ஆதிரா சொன்னா. அவ கூடப் படிக்கிற புள்ளைங்க எல்லாம் வருவாங்களாம்” என்றாள். இரண்டு தடவை சொன்னாள்.

5

தகடுகளைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியது திங்கட்கிழமை. ஆதிராவுக்குக் கல்லூரியில் வேலை, விடுதித் தோழியோடு தங்கியிருந்தாள், நேரே மண்டபத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஞாயிறு மத்தியானம் செல்வி தகடுகளைச் சாக்கில் கட்டி என் மேசைக்குக் கொண்டுவந்தாள். பிரித்துப் பார்த்தேன். கை வைத்த இடமெல்லாம் கறுப்பு.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். அழுக்கைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

“இப்படியேவா கொண்டு போகப் போற?” என்றேன்.

“நானும் அதத்தான் யோசிச்சேன் அண்ணாச்சி. நாலு பேரு பாக்குற எடம்.”

மை இளக்க வைத்திருந்த மண்ணெண்ணெயை எடுத்து வந்தாள். தகரத்துக்குத் தேங்காய் நார், பிலிமுக்குப் பழைய பனியன் துணி. நானும் அவளும் என் மனைவியும் உட்கார்ந்து தேய்த்தோம். சாயா இரண்டு சுற்று வந்தது. முதலில் மை பாகுபோல வந்தது, அப்புறம் சிவப்பாக, அடியில் நீலமாக. “எத்தன வருசத்து ஏலக்காய் வாசனை பாருங்க” என்று என் மனைவி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் பதினொரு தகரமும் தீபாவளிப் பாத்திரம்போலப் பளபளத்தன. ஏழு பிலிமும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். மாதிரிக்கு என்று கொண்டுவந்திருந்த நான்கு சாக்குகளையும் தண்ணீர் தெளித்து, கஞ்சி போட்டு, பெட்டி வைத்துத் தேய்த்து, மடிப்புக் கலையாமல் அடுக்கினேன். கஞ்சி போட்ட சாக்கை உலகத்தில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். செல்வி அதைக் கையில் வாங்கிப் பார்த்து, “மாப்பிள்ள வேட்டி கணக்கா இருக்கு அண்ணாச்சி” என்றாள்.

6

மறுநாள் காலை மண்டபத்தில் நிமிஷா கட்டைப் பிரித்தாள். ஒரு தகட்டை எடுத்தாள், வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

“சேச்சி, இதில உண்டாயிருந்த கறுப்பு எவிடே?”

“கழுவியாச்சு மோளே. சுத்தமாக் கழுவியாச்சு.”

“நான்தான் சொன்னேன்” என்றேன். கொஞ்சம் பெருமையாகவேகூடச் சொல்லியிருப்பேன்.

நிமிஷா தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் மெதுவாகத்தான் சொன்னாள். தேர்வு செய்த சார் ஆதிராவின் படங்களில் பார்த்து ஆசைப்பட்டது அந்தத் தடித்த மையைத்தானாம். யாரோ எப்போதோ வெட்டி, யார் யாரோ பயன்படுத்தி, கிடங்கில் கிடந்த பழைய பொருள் என்றுதான் அதை மாட்டுவதாக இருந்தார்களாம். “லேபிளும் ஒட்டிட்டோம் சேட்டா” என்று சுவரைக் காட்டினாள்.

செல்வி போய் நின்று வாசித்தாள். எனக்குத்தான் மலையாள எழுத்து தெரியாது, அவள் எழுத்துகளையே வெட்டுகிறவள். எனக்காகச் சத்தமாகவும் வாசித்தாள். “மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் கண்டெடுத்த தகடுகள். தொகுப்பு, ஆதிரா.”

மறுபடி ஒருமுறை வாசித்தாள், இந்தத் தடவை உதட்டோடு.

ஆதிரா அப்போதுதான் உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, உன் கார்டு ஏத்துக்கவே இல்லம்மா. கடைசி நாள். என் கார்டு போட்டேன். அப்புறமா மாத்திரலாம்னு நெனச்சேன். அதுல மாத்துற வழியே இல்ல.”

“என்கிட்ட சொல்லிருக்கலாம்ல?”

“நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தியே. எப்படிச் சொல்ல?”

எனக்கு அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. அம்மாவை மறைக்கவேண்டும் என்று அவள் செய்ததல்ல. ஆனாலும் சுவரில் இருந்தது அவள் பெயர். நாளைக் காலை திறப்பு. தோழிகள் வருவார்கள். பார்த்து, உன் அம்மா வேலை செய்கிற இடத்தில் கண்டெடுத்தாயா என்று கேட்பார்கள்.

நிமிஷா எதையாவது செய்யவேண்டுமே என்பதுபோல ஒரு பிலிமை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். கையை இறக்கவில்லை. நாங்களும் போய்ப் பார்த்தோம். மை போனபின் பிலிமில் யாரோ ஒருவரின் நெஞ்சுக்கூடு தெரிந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே, அவற்றின் வளைவுக்கு ஏற்ப, ஏலக்காய் என்ற மலையாள எழுத்துகள் வரிசையாக வெட்டியிருந்தன. ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் ஊசியால் கீறிய மெல்லிய கோடுகள். வெட்டுவதற்கு முன் இரண்டு மூன்று தடவை இடம் மாற்றிப் பார்த்த தடங்கள். ஓர் இடத்தில் கை எங்கே வரவேண்டும் என்று தெரியாமல் நான்கு இடத்தில் புள்ளி வைத்து, மூன்றை அடித்திருந்தது.

“இந்தக் கோடெல்லாம் சேச்சி போட்டதாணோ?”

“பின்ன? கோடு போடாம எப்படி வெட்ட? எலும்பு இருக்குற எடத்துல பிலிம் கெட்டியா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு அதுக்கு ஓரமா வெட்டுவேன். அதெல்லாம் சும்மா மனசுக்கு.”

“போட்டோவில இதொண்ணும் கண்டில்ல சேச்சி.” நிமிஷாவின் குரல் மாறியிருந்தது. “அழுக்கு மாத்திரமே கண்டது. ஒராள் உட்கார்ந்து வெட்டினதுன்னு தோணியதே இல்ல.”

அவள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிலிம்களைத் தூக்கிப் பார்த்தாள். கடைசியில் கச்சை ஆனைத் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு, தனக்குத்தானே கணக்குப் போடுவதுபோலப் பேசினாள். சாரிடம் பேசவேண்டும். அவர் வேறு ஊரில் இருக்கிறார், ராத்திரிதான் வருவார். லேபிளை மாற்ற அவர் சம்மதிக்க வேண்டும், புதிதாக அச்சடிக்க வேண்டும், கடை நாளை பத்து மணிக்குத்தான் திறக்கும். பழைய அழுக்கு இல்லாமல் மாட்டச் சம்மதிப்பாரா என்றும் தெரியவில்லை. “அந்தக் கறுப்பு இத்ர வருஷத்தோட வேலையல்லே சேச்சி, அதுவும் ஒரு கலை தான்” என்றாள். பாவம், ஆறுதலாகத்தான் சொன்னாள்.

“இருக்கட்டும். ஆனா அது என் வேல இல்ல. மை அடிச்சவங்க எத்தன பேரு, சேட்டன்மாரு, பெங்காலிப் பையங்க. அவங்க பேரையும் கேட்டுப் போடுங்க, நான் வேண்டாங்கல. அழுக்கு கிடங்குக்காரங்களோடது மோளே, வெட்டு மட்டுந்தான் என்னோடது.”

சொல்லிவிட்டு அவள் கொண்டுவந்திருந்த தொழில் பையை எடுத்தாள். கத்தி, ஊசி, பிரஷ், ஒரு மை டப்பா, இரண்டு வெட்டாத பிலிம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கஞ்சி போட்ட என் சாக்குகளில் ஒன்றை விரித்து, மடிப்புக் கலைந்தாலும் பரவாயில்லை என்று என்னை ஒரு பார்வை பார்த்து, அதன்மேல் பிலிமை வைத்தாள். ஊசியால் கோடு கீறினாள். நிறுத்தினாள். தள்ளி வேறு இடத்தில் கீறினாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பெயர்களை வெட்டியவள், தன் பெயரை வெட்டியதில்லை. எந்த எழுத்துக்கு எங்கே கை விடுவது என்று கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தி இறங்கியது. தமிழில் மூன்று எழுத்து. வெட்டிய துண்டுகளை ஊதித் தள்ளிவிட்டு எழுந்து, லேபிளுக்குக் கீழே வெள்ளைச் சுவரில் பிலிமை வைத்தாள்.

“சேச்சி, சுவரில…” என்று நிமிஷா தொடங்கினாள்.

“ஆதிரா, ஓரத்தப் பிடி. அசையக்கூடாது.”

ஆதிரா ஓடிவந்து இரண்டு மூலைகளையும் விரல்களால் அழுத்திப் பிடித்தாள். செல்வி பிரஷை மையில் தொட்டு, டப்பாவின் விளிம்பில் இரண்டு தரம் வழித்துவிட்டு, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாகத் தேய்த்தாள்.